ஆக்டிவ் டைரக்டரி

ஆக்டிவ் டைரக்டரி என்பது மைக்ரோசாப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் வழங்கி இயங்குதளங்களுக்காக உருவாக்கிய அடைவுச் சேவை ஆகும். ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் உள்ள பயனர்கள், கணினிகள், குழுக்கள், அச்சுப்பொறிகள் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை இது ஒரே தரவுத்தளத்தில் சேமித்து வைக்கிறது. நுழைபவர் யார் என்பதை உறுதி செய்வதும், அவருக்கு எவற்றில் அனுமதி உண்டு என்பதற்கு அடிப்படையாக அமைவதும் இதுவே. 2000 ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று விண்டோஸ் 2000 உடன் இது வெளியானது.

ஊழியர் ஒருவர் காலையில் தம் கணினியில் ஒருமுறை கடவுச்சொல்லை இட்ட பின்னர், கோப்பு வழங்கி, மின்னஞ்சல், அச்சுப்பொறி எனப் பலவற்றையும் மீண்டும் கடவுச்சொல் இடாமலே பயன்படுத்த முடிவது இச்சேவையால்தான். அதே காரணத்தால், இந்த அடைவைக் கைப்பற்றிய ஒருவர் அதனுடன் இணைந்த கணினிகள் அனைத்தையும் கைப்பற்றியவர் ஆகிறார்.

இங்கு டைரக்டரி என்பது கோப்புகளை இட்டுவைக்கும் உறையைக் குறிப்பதன்று. தொலைபேசி விவரத் திரட்டு என்று சொல்லும்போது கொள்ளும் பொருளே இங்கும் கொள்ளத்தக்கது.

பின்னணி

அடைவு இல்லாத வலையமைப்பில் ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு கணக்குப் பட்டியலை வைத்திருக்கும். பத்துக் கணினிகளைப் பயன்படுத்த வேண்டியவருக்குப் பத்துக் கணக்குகள் வேண்டும். அவர் பணியிலிருந்து விலகும்போது பத்து இடங்களில் அவற்றை நீக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் அது திறந்த கதவாகவே இருக்கும்.

விண்டோஸ் என்.டி. இயங்குதளம் இதற்கு ஆள்களம் என்ற தீர்வைக் கொண்டுவந்தது. கணக்குகளை முதன்மைக் கட்டுப்படுத்தி எனப்பட்ட ஒரு வழங்கி வைத்திருந்தது. துணைக் கட்டுப்படுத்திகள் அதன் படிகளை வைத்திருந்தன. மாற்றங்களை முதன்மைக் கட்டுப்படுத்தியில் மட்டுமே செய்ய முடியும். அது செயலிழந்தால் கடவுச்சொல்லை மாற்றுவதுகூட இயலாது. மேலும், கணக்குத் தரவுத்தளம் ஏறக்குறைய 40 மெகாபைட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என அறிவுறுத்தப்பட்டது. ஆகவே பெரிய நிறுவனங்கள் பல ஆள்களங்களாகப் பிரிந்து, அவற்றிடையே நம்பிக்கை உறவுகளை ஒவ்வொன்றாக அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடைவு என்ற எண்ணம் மைக்ரோசாப்டிற்கு உரியதன்று. 1988 இல் எக்ஸ்.500 என்ற பன்னாட்டுத் தரம் வெளியானது. அது மிகக் கனமானதாக இருந்ததால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸ் உள்ளிட்டோர் எல்டாப் என்ற எளிய நெறிமுறையை உருவாக்கினர். நோவெல் நிறுவனம் 1993 இல் நெட்வேர் 4 உடன் ஒரு முழுமையான அடைவுச் சேவையை வெளியிட்டிருந்தது. மைக்ரோசாப்ட் ஏழாண்டுகள் தாமதமாகவே வந்தது எனலாம். ஆயினும் எல்டாப், டி.என்.எஸ்., கெர்பரோஸ் ஆகிய மூன்று பொதுத் தரங்களை இணைத்து, அவற்றை விண்டோஸ் இயங்குதளத்துடன் சேர்த்தே வழங்கியதால் இத்துறையில் விரைவில் முன்னிலை பெற்றது.

அமைப்பு

அடைவில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஒரு பொருள் எனப்படும். பயனர், கணினி, குழு என ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் எவ்வெப் பண்புகள் இருக்கலாம் என்பதைத் திட்டவரை வரையறுக்கிறது. திட்டவரையில் புதிய பண்புகளைச் சேர்க்கலாம். சேர்த்ததை நீக்க முடியாது, செயலற்றதாக்க மட்டுமே முடியும். எனவே சோதனைக்காக எதையும் திட்டவரையில் சேர்த்துப் பார்ப்பது நன்றன்று.

பொருள்கள் நிருவாக அலகுகளாகத் தொகுக்கப்படுகின்றன. அலகுகள் சேர்ந்தது ஆள்களம். பெயர்த் தொடர்ச்சியுடைய ஆள்களங்கள் சேர்ந்தது மரம். மரங்கள் சேர்ந்தது காடு. தொடக்க காலத்தில் ஆள்களமே பாதுகாப்பின் எல்லை எனக் கருதப்பட்டது. இது பிழையான புரிதல் ஆகும். ஓர் ஆள்களத்தின் முதன்மை நிருவாகி முனைந்தால் அதே காட்டிலுள்ள பிற ஆள்களங்களையும் கைக்கொள்ள வழிகள் உண்டு என்பது பின்னர் தெளிவானது. காடு மட்டுமே உண்மையான எல்லை.

ஆள்களக் கட்டுப்படுத்தி என்பது அடைவின் தரவுத்தளத்தைத் தாங்கும் வழங்கி ஆகும். நிருவாகிகள் இதனைப் பெரும்பாலும் டொமைன் கன்ட்ரோலர் என்றே அழைப்பர். தரவுத்தளம் என்.டி.டி.எஸ். எனத் தொடங்கும் பெயருடைய ஒரே கோப்பாக வன்தட்டில் இருக்கும். ஒரு கட்டுப்படுத்தி தன் வாழ்நாளில் ஏறக்குறைய 215 கோடிப் பொருள்களை உருவாக்கலாம். எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களிலிருந்தும் பெறப்பட்ட ஹாஷ் மதிப்புகளும் இக்கோப்பிலேயே உள்ளன. கட்டுப்படுத்தியின் காப்புநகல் ஒன்று களவுபோவது, அந்நிறுவனத்தின் எல்லாச் சாவிகளும் களவுபோவதற்கு ஒப்பானது.

கணினிகள் தமக்கு அருகிலுள்ள கட்டுப்படுத்தியை டி.என்.எஸ். மூலம் கண்டறிகின்றன. அடைவில் நேரும் கோளாறுகளில் கணிசமானவை உண்மையில் டி.என்.எஸ். கோளாறுகளே என்பது நிருவாகிகளின் பொதுவான அனுபவம்.

நகலாக்கம்

என்.டி. காலத்தைப் போலன்றி, ஆக்டிவ் டைரக்டரியில் எந்தக் கட்டுப்படுத்தியிலும் மாற்றம் செய்யலாம். சென்னை அலுவலகத்தில் ஒருவருடைய தொலைபேசி எண்ணைத் திருத்தினால், அத்திருத்தம் இலண்டன் அலுவலகத்தின் கட்டுப்படுத்திக்கும் தானே சென்று சேரும். ஒரே தளத்திற்குள் இது சில விநாடிகளில் நிகழும். தளங்களுக்கிடையே இயல்பிருப்பாக 180 நிமிடங்களுக்கு ஒருமுறை நிகழும். இதனை 15 நிமிடங்கள் வரை குறைக்கலாம்.

ஒரே பண்பை இருவர் இரு இடங்களில் ஒரே சமயத்தில் மாற்றினால் என்னவாகும் என்ற வினா எழும். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. பதிப்பு எண் கூடுதலான மாற்றமே நிலைக்கும். எண்கள் சமமானால் பிந்திய நேர முத்திரை உடையது நிலைக்கும். விண்டோஸ் 2000 இல் ஒரு குழுவின் உறுப்பினர் பட்டியல் முழுவதும் ஒரே பண்பாகவே நகலாக்கப்பட்டது. ஆகவே இருவர் ஒரே சமயத்தில் ஒரே குழுவில் வெவ்வேறு ஆட்களைச் சேர்த்தால் ஒருவருடைய பணி சுவடின்றி மறைந்தது. 2003 பதிப்பில் இது சீர்செய்யப்பட்டது.

எல்லா இடத்திலும் மாற்றம் செய்ய இயலும் என்ற விதிக்கு ஐந்து விலக்குகள் உண்டு. திட்டவரையை மாற்றுதல், ஆள்களங்களைச் சேர்த்தல் போன்ற ஐந்து பணிகள் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு கட்டுப்படுத்தி மட்டுமே செய்யும்.

மெய்நிகர் கணினிகள் பரவலானபோது எதிர்பாராத சிக்கல் ஒன்று தோன்றியது. தான் செய்த மாற்றங்களைக் கட்டுப்படுத்தி ஏறுவரிசை எண்களால் கணக்கிடுகிறது. மெய்நிகர் கட்டுப்படுத்தியை நேற்றைய ஸ்னாப்ஷாட் நிலைக்குத் திருப்பினால் அதன் எண்ணும் பின்னோக்கிச் செல்லும். ஆனால், அந்த எண்களை ஏற்கெனவே கண்டுவிட்ட பிற கட்டுப்படுத்திகள் அதன் புதிய மாற்றங்களைப் பழையவை எனக் கருதிப் பெறாமல் விட்டுவிடும். நகலாக்கம் சரியாக நடப்பது போலவே தோன்றும். உள்ளே இரு வேறு அடைவுகள் உருவாகிக்கொண்டிருக்கும். 2012 பதிப்பில், திருப்பப்பட்டதைக் கட்டுப்படுத்தி தானே உணரும் வகை செய்யப்பட்டது.

அடையாளத்தை உறுதிப்படுத்தும் முறை

ஆக்டிவ் டைரக்டரியின் இயல்பான உறுதிப்பாட்டு நெறிமுறை கெர்பரோஸ் ஆகும். இது 1980களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தில் உருவானது. கிரேக்கத் தொன்மத்தில் கீழுலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் இதற்கு இடப்பட்டது. கடவுச்சொல் ஒருபோதும் வலையமைப்பில் பயணிக்கக் கூடாது என்பது இதன் அடிப்படைக் கொள்கை.

பயனர் கடவுச்சொல்லை இட்டதும், அவருடைய கணினி அதிலிருந்து ஒரு திறவுகோலைக் கணித்து, தற்போதைய நேரத்தை அத்திறவுகோலால் மறைகுறியாக்கிக் கட்டுப்படுத்திக்கு அனுப்புகிறது. கட்டுப்படுத்தியிடமும் அதே திறவுகோல் இருப்பதால் அதனைத் திறந்து பார்க்க இயலும். நேரம் பொருந்தினால் ஒரு முதற்சீட்டை வழங்கும். இருபுறக் கடிகாரங்களும் 5 நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டால் நுழைவு மறுக்கப்படும். கணினியின் கடிகாரம் பிழைபட்டதால் சரியான கடவுச்சொல்லும் ஏற்கப்படாமற்போவது இதனால்தான்.

முதற்சீட்டு, கேஆர்பிடிஜிடி என்ற சிறப்புக் கணக்கின் திறவுகோலால் மறைகுறியாக்கப்பட்டது. அத்திறவுகோல் கட்டுப்படுத்திகளிடம் மட்டுமே இருக்கும். பயனரால் சீட்டைத் திறந்து பார்க்கவோ மாற்றவோ இயலாது. இயல்பிருப்பாக 10 மணி நேரம் இது செல்லுபடியாகும். கோப்பு வழங்கியை அணுக விரும்பும்போது, பயனரின் கணினி இம்முதற்சீட்டைக் காட்டி அவ்வழங்கிக்கு உரிய சேவைச்சீட்டைக் கேட்டுப் பெறுகிறது. சேவைச்சீட்டு, அவ்வழங்கியின் கணக்குக்குரிய திறவுகோலால் மறைகுறியாக்கப்பட்டது. பயனர் எந்தெந்தக் குழுக்களில் உள்ளார் என்ற விவரமும் சீட்டினுள் இருக்கும். வழங்கி அதனைத் திறந்து படித்து, உள்ளே விடுவதா இல்லையா எனத் தானே முடிவு செய்கிறது.

இவ்வமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டுப்படுத்தி தான் வழங்கிய சீட்டுகளின் பட்டியலை வைத்துக்கொள்வதில்லை. தன் திறவுகோலால் திறக்க முடிகிற சீட்டு தான் வழங்கியதே என்று கொள்கிறது. இலட்சக்கணக்கான பயனர்களை ஒரு சில வழங்கிகளால் கையாள முடிவது இதனால்தான். தங்கச் சீட்டு எனப்படும் தாக்குதல் நிகழ முடிவதும் இதனால்தான்.

தாக்குதல்கள்

கேஆர்பிடிஜிடி கணக்கின் திறவுகோலைப் பெற்றுவிட்ட ஒருவர், கட்டுப்படுத்தியிடம் கேளாமலே முதற்சீட்டுகளைத் தாமே எழுதிக்கொள்ளலாம். தம்மை முதன்மை நிருவாகி என அதில் குறித்துக்கொள்ளலாம். இதுவே தங்கச் சீட்டு. பிரான்சு நாட்டின் பெஞ்சமின் டெல்பி உருவாக்கிய மிமிகாட்ஸ் என்ற கருவி வழியாக 2014 இல் இது பரவலாக அறியப்பட்டது. எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களையும் மாற்றினாலும் தங்கச் சீட்டு செல்லுபடியாகும். கேஆர்பிடிஜிடி கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதுவும் இருமுறை மாற்ற வேண்டும். முந்தைய கடவுச்சொல்லையும் கட்டுப்படுத்தி ஏற்றுக்கொள்ளும் என்பதே இருமுறைக்குக் காரணம். இரு மாற்றங்களுக்கும் இடையே சீட்டின் ஆயுட்காலமாவது கழிய விட வேண்டும். இல்லையேல் முறையான சீட்டுகளும் செல்லாமற்போய்ப் பணிகள் தடைப்படும்.

மற்றொரு தாக்குதலுக்கு நிருவாக உரிமை எதுவும் வேண்டியதில்லை. ஆள்களத்தின் எந்தப் பயனரும் எந்தச் சேவைக்கும் சேவைச்சீட்டு கேட்கலாம். அச்சேவையைப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டா எனக் கட்டுப்படுத்தி பார்ப்பதில்லை. சீட்டைப் பெற்றவர் அதனைத் தம் கணினிக்கு எடுத்துச் சென்று, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக இட்டுத் திறக்க முயலலாம். எத்தனை முறை தவறினாலும் கணக்கு பூட்டப்படாது. டிம் மெடின் 2014 இல் இதனை எடுத்துக்காட்டினார். மனிதர்கள் தேர்ந்தெடுத்த எளிய கடவுச்சொல்லுடன், பல ஆண்டுகளாக மாற்றப்படாமல், தேவைக்கு மிஞ்சிய உரிமைகளுடன் இருக்கும் சேவைக் கணக்குகளே இதன் இலக்கு.

2020 இல் வெளிப்பட்ட சீரோலாகன் என்ற வழு இவற்றினும் எளிதானது. கட்டுப்படுத்தியுடன் கணினிகள் பேசும் நெட்லாகன் நெறிமுறையில், மறைகுறியாக்கத்தின் தொடக்க மதிப்பு எப்போதும் சுழியமாகவே அமைக்கப்பட்டிருந்தது. அதனால் வெறும் சுழியங்களை அனுப்பினால் 256 இல் ஒரு முறை அது சரியான விடையாக அமைந்துவிடும். சில விநாடிகள் முயன்றாலே கட்டுப்படுத்தியின் சொந்தக் கடவுச்சொல்லை வெறுமையாக்கிவிடலாம். மைக்ரோசாப்ட் அவ்வாண்டு ஆகத்து மாதம் திருத்தத்தை வெளியிட்டது.

மெர்ஸ்க் நிகழ்வு

2017 ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று, உக்ரைனில் பயன்பட்ட ஒரு வரிக்கணக்கு மென்பொருளின் இற்றைப்படுத்தல் வழியாக நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியது. விண்டோஸின் வழுவொன்றைப் பயன்படுத்தியதோடு, தான் புகுந்த கணினியின் நினைவகத்திலிருந்து நிருவாகிகளின் நுழைவு விவரங்களையும் அது திரட்டிக்கொண்டது. வழுவுக்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. ஆயினும் திருத்தம் இடப்பட்ட கணினிகளிலும், முறையான நிருவாகியைப் போலவே நுழைந்து அது பரவியது.

டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் இதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையம் உட்பட உலகின் பல முனையங்களில் பணி நின்றது. ஆன்டி கிரீன்பெர்க் 2018 இல் வயர்ட் இதழில் எழுதிய கட்டுரை மீட்புப் பணியை விரிவாக விவரிக்கிறது. தனித்தனி வழங்கிகள் பலவற்றுக்குச் சில நாட்களுக்கு முந்தைய காப்புநகல்கள் கிடைத்தன. ஆள்களக் கட்டுப்படுத்திகளுக்கு மட்டும் எதுவும் இல்லை. ஏறக்குறைய 150 கட்டுப்படுத்திகள் ஒன்றுக்கொன்று நகலாக இயங்கியதால், ஒன்று அழிந்தால் மற்றொன்றிலிருந்து மீட்கலாம் என எண்ணப்பட்டிருந்தது. அனைத்தும் ஒரே சமயத்தில் அழியும் என எவரும் கருதவில்லை. அடைவு இல்லாமல் பிற காப்புநகல்களை வைத்துப் பெரிதாக எதையும் செய்ய இயலாது.

கானா நாட்டில் இருந்த ஒரு கட்டுப்படுத்தி மட்டும் பிழைத்தது. தாக்குதலுக்கு முன் அங்கு நேர்ந்த மின்தடையால் அது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த இணைய இணைப்பின் வேகம் போதாமையால் தரவை இங்கிலாந்துக்கு அனுப்பினால் பல நாட்கள் ஆகும் நிலை. அங்கிருந்த ஊழியர் எவரிடமும் பிரித்தானிய நுழைவிசைவு இல்லை. எனவே ஒருவர் வன்தட்டுடன் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் மற்றோர் ஊழியரிடம் அதனை ஒப்படைக்க, அவர் அதனை இலண்டனுக்குக் கொண்டுசேர்த்தார். பத்து நாட்களில் 4,000 வழங்கிகளும் 45,000 கணினிகளும் மீண்டும் நிறுவப்பட்டதாக அந்நிறுவனத்தின் தலைவர் 2018 இல் டாவோஸ் மாநாட்டில் தெரிவித்தார். நட்டம் 25 முதல் 30 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது.

நகலாக்கம் காப்புநகல் ஆகாது. ஒரு நிருவாகி தவறுதலாக ஓர் அலகை அழித்தால், அந்த அழிப்பும் சில விநாடிகளில் பிற கட்டுப்படுத்திகளுக்கு முறைப்படி நகலாக்கப்பட்டுவிடும்.

நிருவாக நடைமுறைகள்

கட்டுப்படுத்திகளின் காப்புநகல்களுள் ஒன்றையாவது வலையமைப்புடன் இணையாத இடத்தில் வைக்க வேண்டும். அதிலிருந்து காட்டை முழுவதுமாக மீட்கும் பயிற்சியையும் செய்து பார்த்திருக்க வேண்டும். பயிற்சி செய்யப்படாத காப்புநகல் பெரும்பாலும் ஆவணத்தில் மட்டுமே உள்ளது எனலாம். மிகப் பழைய நகலும் பயன்படாது. அழிக்கப்பட்ட பொருள்களின் அடையாளங்கள் இயல்பாக 180 நாட்களே வைக்கப்படும். அதற்கு முந்தைய நகலை ஏற்றினால் அழிக்கப்பட்டவை உயிர்த்தெழும்.

நிருவாகக் கணக்குகளை அடுக்குகளாகப் பிரிப்பது இன்றியமையாதது. ஆள்கள நிருவாகி ஒருவர் சாதாரண ஊழியரின் கணினியைச் சரிசெய்ய அதே கணக்கில் நுழைந்தால், அவருடைய நுழைவு விவரம் அக்கணினியின் நினைவகத்தில் தங்கும். அக்கணினியில் ஏற்கெனவே தீநிரல் இருந்தால் அடைவு முழுவதும் அன்றே இழக்கப்படும். உயர்நிலைக் கணக்குகள் கட்டுப்படுத்திகளிலும் அவற்றுக்கென ஒதுக்கிய கணினிகளிலும் மட்டுமே நுழைய வேண்டும். இவ்விதியைக் கடைப்பிடிப்பது தொல்லையானது என்பதால் சிறு நிறுவனங்களில் இது அடிக்கடி மீறப்படுகிறது.

எல்லாக் கணினிகளிலும் உள்ளக நிருவாகிக்கு ஒரே கடவுச்சொல் வைப்பதும் நீண்டகால வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கடவுச்சொல்லை உருவாக்கி அடைவில் சேமிக்கும் லாப்ஸ் என்ற கருவியை மைக்ரோசாப்ட் 2015 இல் வெளியிட்டது. அதற்கு முன்னர், குழுக் கொள்கை வழியாக இக்கடவுச்சொல்லைப் பரப்பும் வசதி ஒன்று இருந்தது. அதில் கடவுச்சொல் மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்பட்டது. ஆனால் அதற்கான திறவுகோல் உலகெங்கும் ஒன்றே. அத்திறவுகோலையும் மைக்ரோசாப்ட் தன் ஆவணங்களில் வெளியிட்டிருந்தது! 2014 இல் இவ்வசதி நீக்கப்பட்டது. எனினும் அந்தப் பழைய கோப்புகள் தாமாக அழிவதில்லை. நிருவாகி தேடி அழித்தாலன்றி அவை அங்கேயே இருக்கும்.

மேகக் கணிமையில்

2013 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அசூர் ஆக்டிவ் டைரக்டரி, பெயர் ஒற்றுமையால் பலரைக் குழப்பியது. இது வழங்கியில் இயங்கும் ஆக்டிவ் டைரக்டரியின் மேகப் பதிப்பு அன்று. இதில் காடு, மரம், நிருவாக அலகுகளின் படிநிலை, குழுக் கொள்கை ஆகியவை இல்லை. எல்டாப், கெர்பரோஸ் ஆகியவற்றுக்குப் பதிலாக, வலைச் செயலிகளுக்கு ஏற்ற ஓ-ஆத், சேமல் போன்ற நெறிமுறைகளையே முதன்மையாகப் பயன்படுத்துகிறது. 2023 இல் இதன் பெயர் மைக்ரோசாப்ட் என்ட்ரா ஐடி என மாற்றப்பட்டதால் குழப்பம் ஓரளவு நீங்கியது.

பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டையும் இணைத்தே பயன்படுத்துகின்றன. உள்ளக அடைவின் கணக்குகளை மேகத்திற்கு எடுத்துச்செல்ல ஓர் ஒத்திசைவு வழங்கி நிறுவப்படுகிறது. கடவுச்சொல் ஹாஷ்களைப் படிக்கும் உரிமை இதற்கு அளிக்கப்பட்டிருந்தால், கட்டுப்படுத்திக்கு அளிக்கும் அதே பாதுகாப்பை இதற்கும் அளிக்க வேண்டும். நடைமுறையில் இது சாதாரண வழங்கிகளுள் ஒன்றாகவே நடத்தப்படுவது உண்டு.

மற்றொரு முறையில், உள்ளக வழங்கியொன்று பயனரை உறுதிப்படுத்தி, தன் மறைத் திறவுகோலால் கையொப்பமிட்ட சான்றை மேகச் சேவைக்கு அனுப்புகிறது. மேகச் சேவை அக்கையொப்பத்தை நம்புகிறது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், பாதிக்கப்பட்ட சில நிறுவனங்களிலிருந்து இக்கையொப்பத் திறவுகோல் களவாடப்பட்டது. அதனைக் கொண்டு எந்தப் பயனரின் பெயரிலும் சான்றுகளை எழுதி மேகத்திலுள்ள மின்னஞ்சல்களைப் படிக்க முடிந்தது. உறுதிப்பாடு ஏற்கெனவே முடிந்துவிட்டதாகச் சான்றே கூறுவதால் இரு காரணி உறுதிப்பாடும் குறுக்கிடவில்லை. தங்கச் சீட்டுக்கு நிகரான இம்முறை 2017 இலேயே ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்டு, தங்கச் சேமல் என்று பெயர் பெற்றிருந்தது.

பிற செயலாக்கங்கள்

கட்டற்ற மென்பொருளான சாம்பா, 2012 டிசம்பரில் வெளியான 4.0 பதிப்பு முதல் லினக்ஸ் கணினியை ஆக்டிவ் டைரக்டரியின் கட்டுப்படுத்தியாக இயக்க வல்லது. இதற்குத் தேவையான நெறிமுறை விவரங்களை மைக்ரோசாப்ட் தானாக முன்வந்து தரவில்லை. ஐரோப்பிய ஆணையம் 2004 இல் 49.7 கோடி யூரோ தண்டம் விதித்து அவற்றை வெளியிட ஆணையிட்டது. மேல்முறையீட்டில் 2007 செப்டம்பரில் ஆணையத்தின் முடிவு உறுதி செய்யப்பட்டது. அதன் பின்னர், அதே ஆண்டு டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்திற்கு ஆவணங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைத்தன.